காவலூர் பெரிய தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்க விடுவார்களா?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "டிசம்பர் விடுமுறையில் காவலூர் வான் ஆய்வகத்துக்கு ஆறாம் வகுப்பு படிக்கும் மகளையும் அறுபத்தெட்டு வயது அம்மாவையும் அழைத்துப் போக நினைக்கிறேன். பெரிய தொலைநோக்கி வழியாகச் சனியின் வளையத்தைப் பார்க்க விடுவார்களா? அம்மாவுக்கு முழங்கால் வலி. தன் நட்சத்திரமான திருவாதிரையைக் காட்டுவார்களா என்று கேட்கிறார். இவ்வளவு தூரம் அலைவது வீணாகாதே?"

விட மாட்டார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மலையேறி வந்து, பெரிய குவிமாடத்தைப் பார்த்துவிட்டு, "எங்கே கண் வைப்பது?" என்று கேட்டு, "கண் வைக்க இடமே இல்லை" என்ற பதிலில் முகம் தொங்கிப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கல்லூரியில் படித்த காலத்தில் அப்படி முகம் தொங்கியவர்களில் நானும் ஒருவன். ஆம்பூர்க்காரன் என்பதால் காவலூர் இருக்கும் ஜவ்வாது மலை எனக்குக் கொல்லைப்புறம் மாதிரி. அதன் பிறகு ஏழெட்டு முறை போயிருக்கிறேன், பெரும்பாலும் யாராவது குழந்தைகளை அழைத்துக்கொண்டு. அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கண் வைக்க ஏன் இடமில்லை என்பதை உங்கள் மகளுக்கு வீட்டிலேயே விளக்கிவிடுங்கள். காவலூரின் பெரிய தொலைநோக்கிக்குப் பெயர் வைனு பாப்பு தொலைநோக்கி. அதன் அடியில் 2.34 மீட்டர் குறுக்களவுள்ள ஒரு குழிக்கண்ணாடி படுத்திருக்கிறது. ஒரு ஆள் கால் நீட்டிப் படுத்தாலும் விளிம்புக்கு வெளியே வர மாட்டார். வானத்திலிருந்து வரும் ஒளி அதில் பட்டு மேல்நோக்கித் திரும்பி, குழாயின் உச்சியில் ஒரு புள்ளியில் குவியும். இல்லையென்றால் அங்கே ஒரு சிறிய கண்ணாடியைப் பொருத்தி ஒளியை மறுபடியும் கீழே அனுப்புவார்கள். அது பெரிய கண்ணாடியின் நடுவிலுள்ள துளை வழியாக வெளியே வந்து குவியும். இந்த இரண்டு இடங்களிலும் கேமராவும், ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் நிறமாலைமானியும்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஒளியைக் கண்ணாடி இழைகள் வழியாகத் தனி அறைக்குக் கொண்டுபோய் அங்கே பிரித்துப் பார்க்கும் கருவியும் உண்டு.

நம் கண்ணுக்கு ஒரு குறை இருக்கிறது, அது எதையும் சேர்த்து வைக்காது. சொட்டுச் சொட்டாக வடியும் குழாயின் கீழே உள்ளங்கையை நீட்டினால் எவ்வளவு நேரம் நின்றாலும் ஒரு கை நீர்தான். குடத்தை வைத்தால் விடிவதற்குள் நிறைந்துவிடும். கேமரா அந்தக் குடம். ஒரு மணி நேரம் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு மணி நேர ஒளியும் அதில் சேரும். அதனால் உலகில் எந்தப் பெரிய ஆய்வுத் தொலைநோக்கியிலும் இப்போது யாரும் கண் வைப்பதில்லை. வானியலாளர்கள் பக்கத்து அறையில் கணினித் திரையைப் பார்த்தபடி தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தத் தொலைநோக்கியின் ஒவ்வோர் இரவுக்கும் முன்கூட்டியே பங்கு பிரித்துவிடுகிறார்கள். எந்த நட்சத்திரத்தை எதற்காகப் பார்க்கப்போகிறோம் என்று விண்ணப்பம் போட்டு, குழு அதைப் பரிசீலித்து, இன்ன தேதி உங்களுடையது என்று ஒதுக்கும். அன்று மேகம் வந்தால் போயிற்று. அப்படிக் கிடைத்த இரவில் நம்மை வரிசையில் நிற்கவைத்து ஆளுக்கு அரை நிமிடம் காட்ட முடியுமா என்று நினைத்துப் பாருங்கள்.

கண்ணே வைக்காமல் என்ன கண்டுபிடிக்க முடியும் என்று உங்கள் மகள் கேட்டால், காவலூரிலேயே நடந்த ஒரு கதை இருக்கிறது. அங்கே 1972-இல் ஒரு மீட்டர் குறுக்களவுள்ள தொலைநோக்கி ஒன்றை நிறுவினார்கள். கிழக்கு ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் நிறுவனம் செய்தது. இன்றும் வேலை செய்கிறது, 2022-இல் பொன்விழா கொண்டாடியது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கிரகம் ஒரு மங்கலான நட்சத்திரத்தின் முன்னால் கடந்துபோகும் என்று கணக்கிட்டிருந்தார்கள். நட்சத்திரம் மறையும்போது அதன் ஒளி எப்படிக் குறைகிறது என்பதை அளந்தால் கிரகத்தின் அளவும் காற்று மண்டலமும் பிடிபடும். ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஒளிமானியைப் பொருத்திக் காத்திருந்தார்கள். கிரகம் நட்சத்திரத்தை நெருங்கும் முன்பே ஒளி சில நொடிகள் சட்டென்று இறங்கி மறுபடி ஏறியது.

ஏதோ ஒன்று குறுக்கே போயிருக்கிறது. யுரேனஸின் புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று கருதி நேச்சர் இதழில் எழுதினார்கள். அதே நேரத்தில் அமெரிக்காவின் ஜேம்ஸ் எலியட் குழு, விமானத்துக்குள் வைத்த தொலைநோக்கியோடு இந்தியப் பெருங்கடலின் தென்பகுதி மேல் பறந்துகொண்டிருந்தது. அவர்களுடைய பதிவில் கிரகத்துக்கு ஒரு பக்கம் ஒளி ஐந்து முறை இறங்கியது, மறுபக்கமும் அதே இடைவெளிகளில் ஐந்து முறை இறங்கியது. துணைக்கோள் அப்படி இரண்டு பக்கமும் சீராக மறைக்காது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள்! கண்டுபிடித்த பெருமை எலியட் குழுவுக்குப் போனது, அது நியாயமும்கூட. பிறகு பட்டாச்சார்யாவும், பெரிய தொலைநோக்கிக்குப் பெயர் தந்த வைனு பாப்புவும் தங்கள் பதிவைத் திரும்ப ஆராய்ந்து வளையங்களைப் பற்றித் தனியே எழுதினார்கள். அன்று இரவு பூமியில் ஒருவர்கூட அந்த வளையங்களைக் கண்ணால் பார்க்கவில்லை. ஒளியின் அளவு இறங்கி ஏறியதுதான் சாட்சி. காவலூர் வளாகத்தில் அந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியின் குவிமாடத்தைக் கடக்கும்போது இதை மகளுக்குச் சொல்லுங்கள். பெரிய தொலைநோக்கியைவிட எனக்கு அந்தச் சின்னக் குவிமாடத்தின் மேல்தான் மரியாதை அதிகம்.

சரி, பார்வையாளர்களுக்கு என்னதான் உண்டு? காவலூர் பயணம் இரண்டு பாகம். பகலில் பெரிய தொலைநோக்கியை ஓர் இயந்திரமாகப் பார்ப்பது ஒன்று. இரவில் ஆறு அங்குலச் சிறிய தொலைநோக்கியில் கண் வைத்து வானத்தைப் பார்ப்பது இன்னொன்று. பொதுவாகச் சனிக்கிழமைகளில்தான் பொதுமக்களை அனுமதிக்கிறார்கள். பகல் பார்வை பிற்பகலில், இரவுப் பார்வை மழையில்லாத மாதங்களில். நேரமும் விதியும் அவ்வப்போது மாறும் என்பதால், ஆய்வகத்தை நடத்தும் பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் இணையதளத்தைப் புறப்படும் வாரத்திலேயே ஒரு முறை பார்த்துவிடுங்கள். யாரோ எப்போதோ போய்வந்து எழுதியதை நம்பி வண்டி ஏறாதீர்கள். நான் எழுதுவதையும் சேர்த்துத்தான்.

பகல் பார்வையை நிறையப் பேர் பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு, ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கூடுதலாகக் கால் மணி நேரம் நின்றால் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. குவிமாடத்துக்குள் நுழைந்ததும் முதலில் உணர்வது குளிர்ச்சியும் மங்கிய வெளிச்சமும். பகல் முழுக்க மூடியே வைத்திருப்பார்கள். வெயில் காலத்தில் தார்ச்சாலையின் மேல் காற்று நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். இரவில் குவிமாடத்தைத் திறக்கும்போது உள்ளே வெளியைவிடச் சூடான காற்று இருந்தால், அதே நெளிவு தொலைநோக்கியின் முன்னாலேயே நடக்கும், நட்சத்திரங்கள் கலங்கித் தெரியும். வளாகம் முழுக்க மரங்கள் அடர்ந்திருப்பதையும் கவனியுங்கள். அவை வெறும் அழகுக்கு இல்லை, பகலில் தரை சூடேறாமல் காக்கின்றன.

அடுத்து, தொலைநோக்கியைத் தாங்கும் எஃகுச் சட்டத்தைப் பாருங்கள். குதிரை லாடம் போன்ற பிரம்மாண்டமான ஒரு வளைவு ஒரு முனையில் இருக்கும். மொத்த அமைப்பும் ஏறக்குறையப் படுத்த வாக்கில், வடக்கு நோக்கிக் கொஞ்சமாக நிமிர்ந்து சுழலும். அந்த நிமிர்வு சுமார் 12.5 டிகிரி. காவலூரின் அட்சரேகையும் அதுவே. அந்த அச்சு துருவ நட்சத்திரத்தின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. பூமி ஒரு பக்கம் சுழல, தொலைநோக்கி இந்த அச்சில் அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் சுழன்றால், நட்சத்திரம் இரவு முழுக்க ஒரே இடத்தில் நிற்கும். இதே தொலைநோக்கியை லண்டனில் வைத்திருந்தால் அச்சு ஐம்பது டிகிரிக்கு மேல் நிமிர்ந்திருக்கும். பள்ளிக்கூடப் பூகோளப் பாடத்தில் வெறும் எண்ணாகப் படித்த அட்சரேகை, டன் கணக்கான இரும்பாக முன்னால் நிற்பதைப் பார்க்க வேறு எங்கே வாய்ப்புக் கிடைக்கும்?

கண்ணாடியைப் பெரும்பாலும் மூடியிருப்பார்கள், அதனால் நேரில் தெரியாது. வழிகாட்டியிடம் அதன் பூச்சைப் பற்றிக் கேளுங்கள். ஒளியைத் திருப்பி அனுப்புவது கண்ணாடி இல்லை, அதன் மேலே படிந்திருக்கும் அலுமினியம். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். கண்ணாடி அந்தப் பூச்சுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு மட்டுமே. தூசியும் ஈரமும் பட்டுப் பூச்சு மங்கும்போது, கண்ணாடியைக் கழற்றி, பழைய பூச்சைக் கரைத்து எடுத்து, காற்றை உறிஞ்சி வெளியேற்றிய தொட்டிக்குள் வைத்துப் புதிதாக அலுமினியம் படியவைப்பார்கள். வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசிய காலம் உங்கள் அம்மாவுக்கு நினைவிருக்கும். அவருக்கு இது சட்டென்று புரிந்துவிடும்.

வைனு பாப்பு யார் என்பதைச் சொல்லாமல் போனால் குறை. 1927-இல் சென்னையில் பிறந்தவர். அப்பா ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தவர், அதனால் தொலைநோக்கி நிழலிலேயே வளர்ந்தார். ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்தபோது 1949-இல் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். பாப்பு–பாக்–நியூகர்க் என்று அதற்கு மூவர் பெயர். பிறகு கொடைக்கானல் ஆய்வகத்துக்குத் தலைமை ஏற்றார். அங்கே சூரியனைப் பார்க்கலாம், இரவு வானத்துக்கு வேறு இடம் வேண்டும் என்று தென்னிந்தியாவில் இடம் தேடி ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு அங்கே வேலை தொடங்கியது. பெரிய தொலைநோக்கியை இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அதன் கண்ணாடியைப் பெங்களூரில் தேய்த்து மெருகேற்றினார்கள். அது வானத்தைப் பார்ப்பதற்குள், 1982 ஆகஸ்டில் மியூனிக் நகரில் இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் இறந்துபோனார். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி வந்து ஆய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் அவர் பெயரையே சூட்டினார்.

போட்டித் தேர்வுப் புத்தகங்கள் காவலூர் தொலைநோக்கியை இன்னும் "மிகப் பெரியது" என்று அச்சடித்துக்கொண்டிருக்கின்றன. பழைய கதை. 2016-இல் உத்தராகண்டின் தேவஸ்தலத்தில் 3.6 மீட்டர் தொலைநோக்கி வந்துவிட்டது. அதற்கும் முன்பே, 2000-இல், இதே பெங்களூரு நிறுவனம் லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில், அளவில் சற்றுச் சிறியதுதான் என்றாலும், ஒரு தொலைநோக்கியை நிறுவி, அதைக் கர்நாடகத்தின் ஹொசகோட்டையிலிருந்து செயற்கைக்கோள் வழியாக இயக்கிவருகிறது. காவலூரின் உயரம் 725 மீட்டர்தான். மேகமும் ஈரப்பதமும் இங்கே தொல்லை. போதாக்குறைக்கு அடிவாரத்து ஊர்களின் விளக்கு வெளிச்சம் வருடா வருடம் வானத்தில் ஏறிக்கொண்டே போகிறது. என் கல்லூரிக் காலத்தில் வாணியம்பாடிப் பக்கம் அடிவானத்தில் லேசாக ஒரு வெளுப்புதான் தெரியும். இப்போது அது மஞ்சள் கம்பளமாகிவிட்டது.

காவலூருக்கு என்று ஒரு வரம் இருக்கிறது: தெற்கு வானம். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் இருப்பதால் தென்துருவத்தைச் சுற்றியுள்ள சிறு வட்டத்தைத் தவிர மீதி வானம் முழுக்க ஏதாவது ஒரு மாதத்தில் இங்கே தலைகாட்டும். அகத்திய நட்சத்திரம் லண்டனில் அடிவானத்துக்கு மேலே வரவே வராது. இங்கே பிப்ரவரி இரவு ஒன்பது மணி வாக்கில் தெற்கே நன்றாக உயரத்தில் நின்று பளீரென்று எரியும். மே மாதம் அதே நேரத்தில் திரிசங்கு என்று நாம் சொல்லும் தென்சிலுவை மலைமுகட்டுக்கு மேலே நேராக நிற்கும்.

எந்த மாதம் போகலாம் என்ற உங்கள் கேள்வி இங்கேதான் வருகிறது. டிசம்பர் வேண்டாம் என்பேன். வடகிழக்குப் பருவமழையின் மிச்சம் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நான் முதல் முறை போனது ஒரு செப்டம்பரில். மலை ஏறும்வரை நட்சத்திரம், ஏறி இறங்கியதும் மேகம். இரண்டரை மணி நேரம் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு, நனைந்துகொண்டே திரும்பினோம். ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல்வரை நல்ல காலம். பள்ளி விடுமுறைதான் வேண்டும் என்றால் பொங்கல் விடுமுறையை ஒட்டிய சனிக்கிழமையைப் பாருங்கள், அல்லது ஏப்ரல் கடைசி. மே மாதம் கோடை மழைக்குத் துணிந்து போக வேண்டும்.

மாதத்தைவிட முக்கியம் பிறை. வீட்டில் தொங்கும் நாள்காட்டியே போதும். நிலவின் குழிகளைப் பார்க்க வேண்டும் என்றால் வளர்பிறை சப்தமி, அஷ்டமியை ஒட்டிய சனிக்கிழமை. அப்போது நிலவில் வெயிலும் இருளும் பிரியும் கோடு நடுவில் ஓடும், அங்கே குழிகளின் நிழல் நீளமாக விழும், மலைகள் எழும்பி நிற்கும். பௌர்ணமி அன்று நிலவு வெறும் வெள்ளைத் தட்டு, கண்ணும் கூசும், மற்ற நட்சத்திரங்களையும் விழுங்கிவிடும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அஷ்டமியையே சொல்வேன். தொலைநோக்கியில் முதல் முறை பார்ப்பவரை ஏமாற்றாத பொருள் வானத்தில் ஒன்று உண்டென்றால் அது அரை நிலவு. பால்வீதியும் தெற்கு வானமும்தான் வேண்டும் என்பவர்கள் அமாவாசைப் பக்கம் போகட்டும். நல்ல காரியத்துக்கு அஷ்டமி ஆகாது என்று அம்மா முணுமுணுத்தால், நிலவுக்கு அது தெரியாது என்று சொல்லிப் பாருங்கள்.

சனி வளையம் பற்றி ஒரு வருத்தமான செய்தி. இந்த ஆண்டுகளில் சனி செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் இரவு முழுக்க வானத்தில் இருக்கிறது. நமக்கு அது மழைக்காலம். ஜனவரியில் மாலையிலேயே மேற்கே இறங்கிவிடும், மார்ச்சில் சூரியனோடு மறைந்துவிடும். அதோடு, 2025 மார்ச்சில் வளையத்தின் விளிம்பு நேராக நம் பக்கம் திரும்பி, மெல்லிய கோடாகிக் காணாமலே போனது. பதினைந்து ஆண்டுக்கு ஒரு முறை அப்படி ஆகும். இப்போது வருடத்துக்கு வருடம் விரிந்துகொண்டு வருகிறது. ஆகவே சனியைப் பார்த்தே தீருவேன் என்று உங்கள் மகள் அடம் பிடித்தால், அக்டோபர், நவம்பரில் மழை விட்ட ஒரு மாலையில் கோவையிலேயே தொலைநோக்கி வைத்திருக்கும் வானியல் ஆர்வலர் எவரையாவது பிடிப்பது எளிது. வளையத்துக்கு 725 மீட்டர் மலை தேவையில்லை. தெருவிளக்கு அடியிலிருந்துகூடத் தெரியும்.

ஆறு அங்குலம் என்றதும் ஏமாந்துபோக வேண்டாம். இருட்டில் நம் கண்ணின் பாவை அதிகபட்சம் ஏழு மில்லிமீட்டர் விரியும். ஆறு அங்குலத் தொலைநோக்கி அதைப்போல நானூற்றைம்பது மடங்குக்கு மேல் ஒளியை வாங்குகிறது. பெரிய தொலைநோக்கி ஒரு லட்சம் மடங்குக்கு மேல். ஆனால் எதைப் பார்ப்பதற்கும் முன்பு எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இணையத்தில் வரும் வண்ணப் படங்களில் சிவப்பும் நீலமுமாகச் சுழலும் ஓரியன் என்ற வாயு மேகம், ஐபீஸில், அதாவது நாம் கண் வைக்கும் வில்லையில், சாம்பல் நிறப் புகையாகத்தான் தெரியும். மங்கலான ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. இரவில் பூனை எல்லாம் சாம்பல் நிறம்தானே! வியாழனைக் காட்டினால் சிறு பொட்டும் இரண்டு மங்கிய பட்டையும் தெரியும், பக்கத்தில் நூல் பிடித்தாற்போல் நான்கு புள்ளிகள் இருக்கும். 1610-இல் கலிலியோ கண்டது அந்த நான்கு நிலவுகளைத்தான். ஒன்று மறைந்திருந்தால் மூன்று.

வரிசையில் ஆளுக்குக் கிடைப்பது அரை நிமிடம். அதை வீணாக்காமல் இருக்கச் சில பழக்கங்கள் வேண்டும். கைபேசியை அணைத்துப் பையில் போட்டுவிடுங்கள். இருட்டுக்குக் கண் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஒரு வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்தால் அவ்வளவும் போச்சு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்துக் கெடும். விளக்கு வேண்டும் என்றால் டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். கிட்டப்பார்வை, தூரப்பார்வைக் கண்ணாடி போட்டவர்கள் அதைக் கழற்றிவிட்டு, குவியத்தைக் கொஞ்சம் திருப்பித் தரும்படி கேட்கலாம். சிலிண்டர் பவர் உள்ளவர்கள் கழற்ற வேண்டாம். தொலைநோக்கியைக் கையால் பிடிக்கக் கூடாது, ஒரு தொடலில் வியாழன் வட்டத்தைவிட்டு ஓடிவிடும். பெரும்பாலானவர்கள் ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு மறு கண்ணைக் குழாயில் ஒட்டவைக்கிறார்கள். கொஞ்சம் விலகி, இரண்டு கண்ணையும் திறந்தபடியே பாருங்கள், உள்ளங்கையால் ஒரு கண்ணை மறைத்தால் போதும். மங்கலான பொருளை நேராகப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்த்தால் நன்றாகத் தெரியும். விழித்திரையின் நடுப்பகுதிக்கு மங்கிய ஒளி தெரியாது, ஓரத்துக்குத்தான் தெரியும்.

மகளிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, பார்த்ததை வந்தவுடன் வரையச் சொல்லுங்கள். என் அண்ணன் மகன் வியாழனை வரைந்து, புள்ளிகள் எந்தப் பக்கம் எத்தனை என்று குறித்துவைத்தான். மறுநாள் வீட்டில் பைனாகுலரை மொட்டைமாடிச் சுவரில் ஊன்றிப் பார்த்தபோது புள்ளிகள் இடம் மாறியிருந்தன. அன்று அவன் குதித்த குதி எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கைபேசியை ஐபீஸில் வைத்துப் படம் எடுக்க முயல்பவர்கள் நிலவை மட்டும் எடுக்கலாம், அதுவும் வரிசை கலைந்த பிறகு.

வழிகாட்டியைக் கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். செவ்வாய் தோஷம் பற்றி மட்டும் வேண்டாம். அங்கே ஒரு வழிகாட்டியிடம் ஒருவர் அதைக் கேட்டார். வழிகாட்டி சிரிக்காமல், "செவ்வாயில் கால்சியம் பெர்குளோரேட் இருக்கிறது சார், தோஷத்தை இன்னும் அளக்கவில்லை" என்றார். பிறகு நான் அதைப் பலமுறை திருடிப் பயன்படுத்தியிருக்கிறேன்.

வழியைச் சொல்லிவிடுகிறேன். கோவையிலிருந்து சென்னை போகும் ரயிலில் ஏறினால் ஜோலார்பேட்டை சந்திப்பில் இறங்கலாம். அங்கிருந்து திருப்பத்தூர், ஆலங்காயம் வழியாகவோ, அடுத்துள்ள வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகவோ மலையேற வேண்டும். ஆலங்காயம்தான் கடைசி ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், பிஸ்கட், அம்மாவின் மாத்திரை எல்லாவற்றையும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பஸ் உண்டு, ஆனால் இரவுப் பார்வை முடிந்து இறங்க பஸ்ஸை நம்ப முடியாது. வண்டி பேசிக்கொள்வதுதான் சரி. டிரைவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்: வளாகத்துக்குள் முகப்பு விளக்கைத் தணித்து மெதுவாக ஓட்ட வேண்டும். இரவு தங்க வாணியம்பாடியோ ஏலகிரியோ வசதி. பிப்ரவரிவரை குளிரும், ஸ்வெட்டரும் அம்மாவுக்குக் குல்லாவும் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணிக்கு ஆம்பூரா வாணியம்பாடியா என்ற வழக்கில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள், நான் ஆம்பூர்.

பெரிய குவிமாடத்தில் படிகள் உண்டு. அம்மாவால் முடியாவிட்டால் கட்டாயப்படுத்த வேண்டாம். கீழே மரத்தடியில் அவர் உட்கார்ந்திருக்கட்டும், நீங்களும் மகளும் ஏறிவிட்டு வாருங்கள். வரிசையில் நிற்கவும் முடியாது என்றால் மடக்கு நாற்காலி ஒன்றை வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். அது அவருடைய திருவாதிரைக்கும் உதவும்.

திருவாதிரையைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டியதே இல்லை. மேலைநாட்டார் பெட்டல்ஜூஸ் என்று சொல்லும் நட்சத்திரம் அதுதான். ஐந்நூறு ஒளியாண்டுக்கு அப்பால் இருந்தும் வெறும் கண்ணுக்குச் செம்மஞ்சளாகத் தெரியும் அளவுக்கு ராட்சத நட்சத்திரம். சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் பூமியையே விழுங்கிவிடும். 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் அது திடீரென்று மங்கியபோது வெடிக்கப்போகிறது என்று செய்திகள் கிளம்பின. அது தானே கக்கிய தூசு அதை மறைத்திருந்தது என்று பிறகு தெரிந்தது, பழையபடி ஒளிரத் தொடங்கிவிட்டது. மார்கழிப் பௌர்ணமியை ஒட்டி ஆருத்ரா தரிசனம் வருவதற்கும் வானத்தில் காரணம் உண்டு. அந்த மாதம் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் இருப்பது திருவாதிரை. முழுநிலவும் சூரியனுக்கு எதிரேதான் நிற்க முடியும் என்பதால் இரண்டும் பக்கத்தில் வந்துவிடுகின்றன.

ஜனவரி கடைசியில் போனால் இரவு எட்டரை, ஒன்பது மணிக்கு அது ஏறக்குறைய உச்சியில் இருக்கும். மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் நெருங்கி நிற்பதைக் கண்டுபிடியுங்கள். அவற்றின் வடக்கே சிவந்து தெரிவது திருவாதிரை. தெற்கே, கிட்டத்தட்ட அதே தூரத்தில், நீலம் கலந்த வெள்ளையாக ஒன்று தெரியும், அதன் பெயர் ரைஜெல். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தால்தான் திருவாதிரையின் சிவப்பு நன்றாகப் பிடிபடும். நாற்காலியைத் தென்கிழக்கு பார்த்துப் போட்டு, அம்மாவைச் சாய்ந்து உட்காரச் சொல்லுங்கள். கழுத்துக்கு ஒரு துண்டை உருட்டி வையுங்கள்.